எஸ்தர் வீட்டுக் கோழிகளும் என் வயிற்றெரிச்சலும்

புதிதாகக் கால்நடை மருத்துவப் பணிக்கு வந்திருக்கும் உங்களுக்காக ஓய்வுபெற்றவர்கள் ஆளுக்கொரு அனுபவம் எழுதித் தரவேண்டும் என்று கேட்டார்கள். மற்றவர்கள் என்ன எழுதுவார்கள் என்று எனக்குத் தெரியும். கன்று குறுக்கே மாட்டிக்கொண்ட பசு, இடுப்பளவு தண்ணீரில் நின்ற மாட்டுக் கொட்டகை, கோமாரி வந்த வருடம். எனக்கும் அவையெல்லாம் நடந்திருக்கின்றன. ஆனால் நான் எழுதப்போவது வீட்டுக் கோழிகளைப் பற்றி. இன்னும் சரியாகச் சொன்னால், கோழி வளர்த்த ஒரு பெண்மீது நான் பட்ட பொறாமையைப் பற்றி. கல்லூரியில் ஐந்து வருடம் எத்தனையோ நோய்களைப் படித்தேன். இந்த ஒன்றுக்கு அங்கே ஒரு பக்கம்கூட இல்லை.

ஓய்வுபெற ஏழெட்டு வருடம் இருந்தபோது, திருக்கழுக்குன்றத்திலிருந்து கடற்கரைக்குப் போகும் வழியில் ஒரு சிறிய மருந்தகத்துக்கு மாற்றலாகி வந்தேன். ஊர்ப் பெயர் வேண்டாம், அங்கே எல்லோரும் நன்றாக இருக்கிறார்கள். மருந்தகத்தில் நானும் ஒரு உதவியாளரும்தான். அவர் அச்சரப்பாக்கம் பக்கத்து விவசாயக் குடும்பத்துக்காரர், என்னைவிட இரண்டு வயது பெரியவர், மனதில் பட்டதை வாயில் வைத்துக்கொள்ளத் தெரியாதவர்.

மாடு வந்தது, ஆடு வந்தது, கல்பாக்கம் குடியிருப்பிலிருந்து நாய்கூட வந்தது. கோழி மட்டும் வரவில்லை. வீட்டுக்கு வீடு கோழி மேய்கிற ஊரில் மூன்று மாதத்தில் ஒரு கோழிகூட என் மேசைக்கு வரவில்லை. உதவியாளரிடம் கேட்டேன்.

“கோழின்னா எஸ்தரு கிட்ட போயிடுவாங்க டாக்டரம்மா.”

“யார் எஸ்தர்?”

“காலனியில கீது. மகாபலிபுரம் பக்கம் ஒரு ஓட்டல்ல துணி தோய்க்கிற வேல. அது வூட்டுக் கோழி செத்து நான் பாத்ததே இல்ல.”

எஸ்தருக்கு அப்போது நாற்பது வயது இருக்கும். கடற்கரை விடுதி ஒன்றின் சலவைப் பிரிவில் வேலை. காலை ஷிஃப்ட்டுக்கு ஐந்தே முக்கால் ஷேர் ஆட்டோவைப் பிடிப்பார். அதற்கு முன் கோழிகளைத் திறந்துவிடும்போது கூண்டின் முன்னால் குந்தி உட்கார்ந்து ஐந்து நிமிடம் பார்ப்பார். எது கடைசியில் இறங்குகிறது, எச்சம் என்ன நிறம், எது தண்ணீரை விட்டு நகராமல் நிற்கிறது. பார்த்ததை ஆட்டோவில் போகும்போதே ஊர்ப் பெண்களின் வாட்ஸ்அப் குழுவில் குரலாகப் பேசி அனுப்பிவிடுவார். “இன்னிக்கு ஏரி மேல பனி ஜாஸ்தியா கீது. கோழிய வெயிலு வந்தப்புறம் தொறங்க.” இவ்வளவுதான் இருக்கும். அதை நூறு பேர் கேட்பார்கள். நான் அதே குழுவில் துறையின் அறிவிப்பைத் தட்டச்சு செய்து போட்டால் யாராவது ஒருவர் கும்பிடு போடுவார். மற்ற நாளில் காலனிப் பக்கம் தலைவைத்தும் பார்க்காத மேல்தெருப் பெண்கள், கோழி சுருண்டுகொண்டால் மட்டும் கூடையைத் தூக்கிக்கொண்டு எஸ்தர் வீட்டு வாசலில் நிற்பார்கள்.

எனக்கு எரிந்தது. பட்டம் என்னிடம், பதவி என்னிடம், ஐஸ் பெட்டி நிறையத் தடுப்பூசி என்னிடம். கோழியோ அவரிடம்.

முதல் மார்கழியில் அந்த எரிச்சலுக்கு ஒரு வாய்ப்பு கிடைத்தது. மழை நின்று பனி தொடங்கிய நேரம். ரேஷன் கடைக்கு எதிரே பெண்கள் குழுக் கூட்டத்தில் என்னைப் பேசச் சொன்னார்கள். குளிரில் கோழிக்குச் சளி பிடிக்கும், கூண்டின் நாலு பக்கமும் தார்ப்பாய் போட்டு இறுக்கிக் கட்டுங்கள், காற்று ஒரு பொட்டுக்கூட உள்ளே போகக்கூடாது என்று சொன்னேன். பின்வரிசையில் இருந்து ஒரு குரல் வந்தது.

“காத்து போகாம கட்டினா உள்ள நாறிப்பூடும் டாக்டரம்மா. கடல் காத்து வர்ற பக்கம் மட்டும் சாக்கு கட்டிட்டு மேல தொறந்து வுடலாம். தர மட்டும் காஞ்சி இருந்தா போதும், குளிரு ஒண்ணும் பண்ணாது.”

அதுதான் எஸ்தர் என்று திரும்பிப் பார்க்காமலே தெரிந்தது. அவர் சொன்னது சரி. நானே படித்ததுதான். நம் பக்கத்து மார்கழிக் குளிர் கோழியைக் கொல்லாது, அதற்கு உடம்பு நிறைய இறகு இருக்கிறது. ஈரமும் அடைத்த காற்றும்தான் கொல்லும். ஆனால் நாற்பது பெண்கள் என் முகத்தையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“நான் படிச்சிட்டு வந்து சொல்றேன். நீ வளர்த்ததை வெச்சு சொல்ற,” என்றேன்.

பாதிப் பேர் என் பேச்சைக் கேட்டுத் தார்ப்பாய் கட்டினார்கள். அரசாங்க டாக்டர் சொன்னால் கேட்கத்தானே வேண்டும். இரண்டே வாரத்தில் கன்னியம்மா என்பவரின் வீட்டிலிருந்து ஆள் வந்தது. போய் அவர் கூண்டுத் தார்ப்பாயைத் தூக்கினேன். எச்சத்தின் நெடி கண்ணில் அறைந்தது. உள்ளே ஏழு கோழிகள் முகம் வீங்கி, கண் ஒட்டிக்கொண்டு, மூக்கில் சளி வடிய நின்றன. மருந்து கொடுத்தேன். நான் ஒரு வீட்டில் மருந்து கலந்துகொண்டிருக்கும்போதே, எஸ்தர் வேலை முடிந்து வந்த கையோடு வீடு வீடாகப் போய்த் தார்ப்பாயின் மேல்பக்கத்தை அவிழ்த்துவிட்டுக்கொண்டிருந்தார். யாரிடமும் என்னைக் குறை சொன்னதாக என் காதுக்கு வரவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

திரும்பும் வழியில் உதவியாளர் சொன்னார். “அந்தம்மா சொன்னது கரெக்டு தான?”

“வண்டியை எடுங்க,” என்றேன்.

இதுவரை சொன்னது நான் செய்த ஒரு தவறு. எல்லோரும் செய்கிற மாதிரியான தவறு. இனிமேல் சொல்லப்போவது வேறு.

அடுத்த வருடம் தை மாதம் வெள்ளைக் கழிச்சல் வந்தது. உங்களில் சிலர் இன்னும் அதை நேரில் பார்த்திருக்க மாட்டீர்கள். காலையில் மேய்ந்த கோழி மாலையில் இறக்கையைத் தொங்கப்போட்டு நிற்கும். பச்சையும் வெள்ளையுமாகக் கழியும். சிலது கழுத்தை முறுக்கிக்கொண்டு வானத்தைப் பார்க்கும். ஊசி போட்டுக் காப்பாற்றலாம் என்றால், இன்னும் நோய் தொடாத கோழிக்கு மட்டும்தான் போடமுடியும். கிருமி உள்ளே போய்விட்ட கோழி வெளியே பளபளவென்று இருக்கும். அதற்குப் போட்டால் இன்னும் சீக்கிரம் விழும். ஊரார் ஊசிதான் கொன்றது என்பார்கள்.

நோய் கன்னியம்மா வீட்டுத் தெருவில் தொடங்கியது. அந்தத் தெருவைத் தொடாமல் மற்ற தெருக்களில் ஊசி போட ஏற்பாடு செய்தேன்; எஸ்தர் தெருவுக்கு முறை வர இன்னும் பத்து நாள் இருந்தது. அதில் நான் சரியாகவே நடந்துகொண்டேன். அன்று கன்னியம்மா வீட்டில் செத்த கோழிகளைப் புதைக்கச் சுண்ணாம்பு போட்டுவிட்டு நிமிர்ந்தபோது, கேட்கக் கூடாததைக் கேட்டேன்.

“எஸ்தர் வீட்டுல எப்படி?”

“அதுக்கு இன்னா, அது வூட்ல ஒண்ணுக்கும் ஒண்ணும் ஆவல,” என்றார் கன்னியம்மா. தன் கோழிகள் அத்தனையும் குழியில் கிடக்கும்போதும் அவர் குரலில் ஒரு பெருமை இருந்தது.

நேராக எஸ்தர் வீட்டுக்குப் போனேன். ஏன் போனேன் என்று அப்போது கேட்டிருந்தால், கண்காணிப்பு என்று சொல்லியிருப்பேன். எஸ்தர் வேலைக்குப் போயிருந்தார். மூங்கில் கதவு கயிற்றால் கட்டப்பட்டிருந்தது. அவிழ்த்தேன். உள்ளே கால் வைக்கிற இடத்தில் ஒரு நீலப் பிளாஸ்டிக் பேசின், அதில் பிளீச்சிங் பவுடர் கலந்த தண்ணீர். விடுதிச் சலவையில் கற்றுக்கொண்டது போலும். யார் வந்தாலும் அதில் காலை நனைத்துவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும் என்று ஊரே சொல்லும். நான் ஊரெல்லாம் சொல்லிக்கொடுக்க வேண்டியதை அவர் செய்துவைத்திருந்தார். அந்தப் பேசினைப் பார்த்ததும் எரிச்சல் இன்னும் ஏறியது. அதைத் தாண்டிக் காலை வைத்தேன்.

“டாக்டரம்மா, கால்,” என்றார் வெளியே வண்டியருகே நின்ற உதவியாளர்.

“ரெண்டு நிமிஷம்தான்,” என்றேன்.

முன்பக்கக் கூண்டில் இருபத்தாறு கோழிகள். ஒவ்வொன்றாகப் பிடித்துக் கண்ணைப் பார்த்தேன், பின்பக்கத்தைப் பார்த்தேன், மூச்சுச் சத்தம் கேட்டேன். தேடினேன் என்பதுதான் சரி. ஒன்றுகூடச் சுருண்டிருக்கவில்லை. கதவைப் பழையபடி கட்டிவிட்டு வந்தேன். கன்னியம்மா வீட்டுக் குழிமண் அப்போதும் என் செருப்பில் ஒட்டியிருந்தது.

ஆறாம் நாள் காலை, மருந்தகம் திறக்கும்போது எஸ்தர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். வேலைக்குப் போகவில்லை. கையில் இறுக்கிக் கட்டிய பிளாஸ்டிக் பை.

“நாலு செத்துப்பூட்சு டாக்டரம்மா. இன்னும் ரெண்டு கழுத்த திருப்பிகினு கீது.”

இதை எழுதவேண்டுமா என்று நாலைந்து நாள் யோசித்தேன். எழுதாவிட்டால் மற்றதெல்லாம் எழுதிப் பயனில்லை. அவர் அப்படிச் சொன்னதும் எனக்கு வந்த முதல் உணர்வு சந்தோஷம். உன் வீட்டிலும் வந்துவிட்டதா, கடைசியில் என்னிடம்தான் வந்தாயா என்று. அது ஒரு மூச்சு விடும் நேரம்தான் இருந்தது. அடுத்த மூச்சில் நாட்களை எண்ணினேன். ஆறு. நான் அந்தப் பேசினைத் தாண்டி ஆறு நாள்.

உதவியாளர் என்னைப் பார்த்தார். ஐஸ் பெட்டியை வண்டியில் கட்டினார்.

எஸ்தர் வீட்டில் முன்பக்கக் கூண்டைப் பார்த்ததும் கழிச்சல்தான் என்று தெரிந்துவிட்டது. எஸ்தர் என்னை வீட்டின் பின்புறம் கூட்டிப்போனார். அங்கே தனியாக வலை அடித்து இன்னொரு கூண்டு. எட்டுப் பெட்டையும் ஒரு சேவலும் இருந்தன.

“என் தங்கச்சிது. செங்கல்பட்டுல வாடக வூட்டுக்குப் பூட்டா, அங்க வளக்க எடமில்லன்னு கொண்டாந்து வுட்டுட்டா. பன்னண்டு நாளு ஆவுது. தனியாத்தான் வெச்சிகினு கீறேன். காலையில மொதல்ல இதுங்களுக்குத் தீனி வெச்சிட்டுத்தான் முன்னாடி போவேன்.” அவர் குரல் இறங்கியது. “ஆனா இதுங்க தான் கொண்டாந்துச்சு. வேற எப்டி வரும்? இதுங்கள அறுத்துப் போட்டுட்டு, முன்னாடி நல்லா கீறதுக்கு நீங்க ஊசி போட்டுடுங்க. அத்தயாவது காப்பாத்தலாம்.”

அந்தப் பின்கூண்டுக் கோழிகள் எஸ்தரே முன்பு தங்கைக்குக் கொடுத்த கோழிகளின் வாரிசுகள். கழிச்சல் ஓய்ந்தபிறகு ஊரில் பாதி வீடுகள் எஸ்தரிடம்தான் குஞ்சு வாங்கி மறுபடி தொடங்கவேண்டும். முன்பக்கம் போய்விட்டால் மிஞ்சப்போவது இந்த ஒன்பதும்தான். அவற்றைத்தான் அறுக்கப்போகிறேன் என்கிறார்.

நான் வாயைத் திறக்காமல் இருந்தால் என்ன நடக்கும் என்பது கண்ணுக்கு நேராகத் தெரிந்தது. நோய் தொடாத ஒன்பதும் கத்திக்குப் போகும். கிருமி ஏறிய முன்கூண்டுக்கு நான் ஊசி போடுவேன், அதுவும் போகும். யாருக்கும் எதுவும் தெரியாது. உதவியாளருக்குத் தெரியும், ஆனால் அவர் என் கீழே வேலை செய்பவர். இதற்கெல்லாம் எனக்குக் கிடைத்த நேரம், எஸ்தர் அரிவாள்மனையை எடுக்க வீட்டுப் படியேறிய நேரம்.

“அறுக்காதீங்க,” என்றேன். “இதுங்க கொண்டாரல. நான் கொண்டுவந்தேன்.”

எஸ்தர் படியிலேயே நின்றார்.

“நீங்க இல்லாதப்ப வந்தேன். கன்னியம்மா வீட்டுலேர்ந்து நேரா. முன்கூண்டுக்குள்ள போய் ஒவ்வொண்ணா பிடிச்சுப் பாத்தேன். பின்னாடி வரவே இல்ல.”

“எத்தினி நாளாச்சு?”

“ஆறு.”

“கால நனைச்சீங்களா?”

“இல்ல.”

அவர் என்னைக் கடந்து போனார். கைப்பம்பில் தண்ணீர் அடித்து முகத்தைக் கழுவினார். நெடுநேரம் கழுவினார். திரும்பி வரும்போது முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டார். “அப்ப இன்னா பண்ணணும், சொல்லுங்க.”

சொன்னேன். பின்கூண்டு ஒன்பதுக்கும் உடனே ஊசி. அது வேலை செய்ய ஒரு வாரமாவது ஆகும், அதுவரை எஸ்தர் அந்தப் பக்கமே போகக்கூடாது. ஷேர் ஆட்டோ ஓட்டும் அவர் கணவர் மட்டும் பின்பக்கத்தைப் பார்த்துக்கொள்ளட்டும், எஸ்தர் முன்பக்கத்தை மட்டும். முன்கூண்டுக்கு ஊசி கிடையாது. சுருண்டதைப் பிரித்து வைத்து, தரையைக் காயவைத்து, குண்டு பல்பு ஒன்று போட்டு, தண்ணீரில் சத்து மருந்து கலந்து கொடுத்துப் பிழைப்பது பிழைக்கட்டும். முன்கூண்டைத் தொட்ட சட்டையோடு பின்கூண்டுக்குப் போகக்கூடாது என்பதால் நானும் உதவியாளரும் மருந்தகம் போய்க் குளித்து, உடை மாற்றி, செருப்பை மாற்றிக்கொண்டு வந்தோம். ஒன்பதுக்கும் இறக்கையடியில் ஊசி போட்டேன். கோழியைப் பிடித்துத் தந்தவர் எஸ்தரின் கணவர். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. எஸ்தர் தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

கிளம்பும்போது கதவருகே கேட்டார். “அன்னிக்கி இன்னாத்துக்கு வந்தீங்க?”

கண்காணிப்பு என்ற சொல் நாக்குவரை வந்தது.

“ஒண்ணாவது செத்திருக்கான்னு பாக்க வந்தேன்,” என்றேன்.

எஸ்தர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“நானும் பத்தாவது பாஸ் பண்ணவதான். மேல படிக்க வெக்கல. நீங்க அந்த வெள்ள கோட்டு போட்டுகினு வண்டியில போறப்பலாம் எனக்கும் எரியும். அதுக்குன்னு உங்க ஆஸ்பத்திரிக்குள்ள பூந்து மருந்துல மண்ணள்ளிப் போட்டனா?”

நான் வண்டிக்கு நடந்தேன்.

வண்டியில் போகும்போது உதவியாளர் சொன்னார். “இன்னிக்கு தான் டாக்டரம்மா எஸ்தர நீங்கன்னு கூப்ட்டீங்க.”

முன்கூண்டில் இருபத்தாறில் மூன்று பிழைத்தன. அதில் ஒன்றுக்குக் கழுத்து கடைசிவரை கோணலாகவே இருந்தது. தினமும் காலையும் மாலையும் போனேன். எஸ்தர் என்னைக் கதவுக்கு வெளியிலேயே நிறுத்தி, எது தின்றது எது தின்னவில்லை என்று மட்டும் சொல்வார். உள்ளே வாருங்கள் என்று சொல்லவில்லை. செத்ததைப் புதைக்க நான் குழி வெட்டித் தருகிறேன் என்றபோதும் வேண்டாம் என்றார். பதினைந்தாம் நாள் அவர் கணவர் ஆட்டோவை மருந்தகத்து வாசலில் நிறுத்தி, இறங்காமலே சொல்லிவிட்டுப் போனார்: “பின்னாடி ஒம்போதும் நல்லா கீது.”

அதைக் கேட்டு நான் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன். உதவியாளர் வெளியே போய்க் கதவைச் சாத்தினார்.

பொறாமை அன்றோடு போய்விட்டது என்று எழுத ஆசைதான். போகவில்லை. பங்குனி, சித்திரையில் அந்த எட்டுப் பெட்டைகளும் அடைகாத்து, ஊருக்கெல்லாம் குஞ்சு போனது. பெண்கள் எஸ்தர் வாசலில் வரிசை கட்டியதைப் பார்த்துக்கொண்டே கடந்தபோது பழைய இடத்தில் பழையபடியே சுருக்கென்றது. ஒன்றுதான் மாறியது. சுருக்கென்றதும் நான் முதலில் என் காலைப் பார்த்துக்கொள்வேன், எங்கிருந்து வருகிறோம், எங்கே போகிறோம் என்று. உங்களுக்கும் இது வரும். போகிற ஊரில் உங்களைவிட ஒருவருக்குக் கூடத் தெரிந்திருக்கும். அது மனதில் எரிவதை உங்களால் தடுக்கமுடியாது. ஆனால் அந்த எரிச்சலோடு எந்த நோயாளியின் பக்கத்திலும் போகாதீர்கள். வெளியே நின்று, ஏன் வந்தேன் என்று ஒருமுறை உங்களையே கேட்டுவிட்டு உள்ளே போங்கள்.

சித்திரை வெயில் ஏறியபிறகு ஒருநாள், கன்னியம்மா ஒரு கூடையோடு மருந்தகத்துக்குள் வந்தார். கூடைக்குள் அவர் புதிதாக வாங்கிய ஒரு விடைக்கோழி, இன்னும் முட்டையிடாத இளங்கோழி. நான் கூடையையும் அவரையும் பார்த்தேன்.

“எஸ்தர் கிட்ட காட்டலையா?”

“காட்னேன். அது தான் இங்க போவச் சொல்லுச்சு.” கன்னியம்மா கூடையை மேசைமேல் வைத்தார். “அந்த டாக்டரம்மா தப்பு பண்ணா ஒத்துக்குது, தைரியமா போன்னுச்சு.”

அப்போதும் உள்ளே லேசாக எரிந்தது. வந்தது என்னை நம்பியல்ல, எஸ்தர் அனுப்பியதால். எரியட்டும் என்று விட்டேன். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்து கோழியை வெளியே எடுத்தேன். கொண்டையிலும் கண் ஓரத்திலும் அம்மைக் கொப்புளம் இருந்தது. பயப்பட ஒன்றுமில்லை, பிழைத்துவிடும் என்று கன்னியம்மாவிடம் சொன்னேன்.